தகட்டுக்குத் திரும்பாத நீலம்

சென்ற மாசியில் நான் கறம்பக்குடிக்குப் போனதற்குக் கோயிலோ திருவிழாவோ காரணமில்லை. கல்லூரியில் என்னோடு ரசாயனம் படித்த செல்லம்மாள் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கணவர் பட்டாளத்தில். சண்டையால் சீமைச் சாயம் வருவது நின்றுபோக, அவுரி நீலத்தை மின்சாரத்தால் கரைத்துப் பார்க்கும் கோயம்புத்தூர்ச் சாயப்பட்டறை ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. "எங் கண்ணு முன்னால செஞ்சு காட்டு, அனுப்புறேன்" என்றாராம் மாமனார். துணைக்கு என்னை வரச் சொன்னாள்.

காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டையில் பஸ், பன்னிரண்டணா. பெட்ரோல் கிடைக்காததால் கரி வாயுவில் ஓடுகிற வண்டி. இருபத்தைந்து மைலுக்கு மூன்று மணி நேரம். ஆலங்குடி தாண்டி ஒரு மேட்டில் வண்டி ஏற மறுக்க, எல்லோரையும் இறக்கிவிட்டார் டிரைவர்.

"கொஞ்சம் நடந்து வாங்க, அங்கிட்டு ஏறிக்கலாம்."

"டிக்கெட்டு வண்டிக்கா, எங்க காலுக்காய்யா?" என்றாள் கோழிக்கூடைக்காரி. சிரித்துக்கொண்டே நடந்தோம். இந்தப் பயணத்தில் சிரித்தது அவ்வளவுதான்.

செல்லம்மாள் கூடத்தில் காரத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ஜாடியும் டார்ச் பேட்டரிகளும் வைத்திருந்தாள். ஜாடிக்குள் நீலம் மெல்லிசாகப் பூசிய நிக்கல் தகடு. நீலம் தண்ணீரில் கரையாது. மின்சாரம் பாய்ந்தால் மஞ்சளாகிக் கரையும். உடனே கம்பிகளை இடம் மாற்றிக் கொடுத்தால் மறுபடி நீலமாகித் தகட்டிலேயே படியும். தாமதித்தால் தண்ணீரோடு கலந்துவிடும்.

"நீ கம்பியத் தொட்டுடாதே. அப்புறம் நீதான் செஞ்சேன்னு ஆயிரும்" என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள்.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்லம்மாள் கம்பிகளை இணைத்தாள். தகடு மஞ்சளானது. "அடடே!" என்று எழுந்தே விட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் குரல்: "அண்ணே, இருக்கீங்களா?" அவருடைய பங்காளி.

வந்தவருக்கு மருமகள்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும். "தண்ணி கொண்டாந்து குடும்மா" என்றார் மாமனார். அவள் ஜாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போனாள். மஞ்சள், தகட்டை விட்டு இழை இழையாகத் தண்ணீரில் இறங்குவதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன்.

திரும்பி வந்து கம்பிகளை மாற்றினாள். தகடு வெள்ளையாகவே இருந்தது. தண்ணீரின் மேல் மட்டும், காற்றுப் பட்ட இடத்தில், பாலாடை போல நீலம் படர்ந்தது.

"மேல பாருங்க மாமா, நீலம் வந்திருச்சு."

"தண்ணியில மெதக்குறது எதுக்காகும்? இருந்த எடத்துக்குத் திரும்பி வரலையே. ஒன்னைய அனுப்புனாலும் இதே கதைதான்." பங்காளி, விஷயம் தெரியாமலே சிரித்தார்.

இன்னொரு தகடு பூசியிருந்தாள். அதைப் பார்க்க மாமனாருக்குப் பொழுதில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்கள் காலை பஸ்ஸையே பிடியுங்கள். கரிப்புகை படும், வெள்ளைத் துணி வேண்டாம். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் சற்று நில்லுங்கள். தாகமென்றால் பானை இருக்கும் இடத்தைக் கேட்டு நீங்களே மொண்டு குடியுங்கள்.