டைகரின் மாத்திரை

என் கேபின் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. மூடியில் நாய் படம். உள்ளே இப்போது குண்டூசியும் ரப்பர் பேண்டும்தான். திறந்தால் ஈரல் வாசம் இன்னும் லேசாக வருகிறது. எனக்கு மட்டும்தான் வருகிறதோ என்னவோ.

வாங்கி வந்தவர் அக்கா; எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மண்ணூர்பேட்டையில் நான் வாட்ச்மேனாக இருக்கும் கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தார். கேட்டில் கிடந்த டைகர் யாருடைய நாயும் இல்லை. ஆனால் தினமும் காலையில் பஸ் ஸ்டாப் வரை போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வரும். அவர் சாப்பாட்டுப் பையை வாயில் கவ்வி வரும். வயதானதும் பின்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. பஸ் ஸ்டாப் வரை போன நாய் டீக்கடையோடு நின்றது. "பேரு மட்டும் டைகரு, நட பாத்தா ஆமை மாரி கீது" என்று அக்கா அதைத் திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூட்டு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர், நாய் விரும்பித் தின்ன ஈரல் வாசம் சேர்த்த இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இது வலி மாத்திரை இல்லை, மூட்டுக்குத் தெம்பு. சில நாய்க்குக் கேட்கும், சிலதுக்குக் கேட்காது. உடம்பைக் குறைத்து, இரண்டு மாசம் விடாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றாராம்.

"சாயங்காலம் சோறு துன்ன பொறவு ஒண்ணு குட்த்துடு நைனா. நான் நாலு மணிக்கே கெளம்பிட்றேன்" என்று டப்பாவை என் மேஜையில் வைத்தார்.

எனக்கும் முட்டி வலி. பன்னிரண்டு மணி நேரம் நின்று, லாரிக்கு லாரி கேட்டைத் தள்ள வேண்டும். நாய் முட்டியைப் பார்க்க ஆள் இருக்கிறது, என் முட்டியைப் பார்க்க யார் என்று தோன்றியது. ஒரு நாள் பாதியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். பாதி டைகருக்கு. ஒரு வாரத்தில் முழு மாத்திரையும் எனக்கே. டைகர் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்க்கும்.

இரண்டு மாசம் கழித்து, நாயைத் தூக்க அக்கா என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நடை இன்னும் மோசம். தவறாமல் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு நாள் தவறல சார். இவரு கையால குட்த்தாரு. வேணும்னா சூடம் அடிச்சி சத்தியம் பண்றேன்."

நான் டைகரின் காதைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"அப்ப இதுக்குக் கேக்கலம்மா" என்று டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வலி அதிகமானால் மட்டும் ஊசி.

அக்கா டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னார்: "அதெல்லாம் சும்மா. ரெண்டு டப்பா துன்னுச்சி, ஒண்ணும் கேக்கல." பக்கத்து லேத் பட்டறைக்காரர் தன் நாய்க்கு வாங்க இருந்தவர், வாங்கவில்லை.

மழைக்காலத்தில் டைகர் கேபின் வாசலை விட்டு நகரவில்லை. தூரத்தில் அக்காவின் தலை தெரிந்ததும் முன்காலை ஊன்றி எழப் பார்க்கும். பின்பக்கம் வராது. வாலால் தரையை அடிக்கும். அக்கா தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். நான் குனிந்து ரிஜிஸ்டரில் எதையாவது எழுதுவேன்.

தை மாசம் அது போனது. காம்பவுண்டு ஓரம் நான்தான் குழி தோண்டினேன். "நல்லாப் பாத்துகின நைனா" என்றார் அக்கா. கொஞ்ச நாளில் வேலையை விட்டு, குத்தம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

கொடுத்திருந்தாலும் கேட்டிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லித்தான் மனசைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. தெரியாமல் போனதே என்னால்தானே. என் முட்டியும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம், வானகரத்திலிருந்து சரக்கு எடுக்க வரும் வேன் டிரைவர் கையெழுத்துப் போட வந்தவன், குண்டூசி எடுக்க நான் திறந்து வைத்திருந்த டப்பாவைப் பார்த்துவிட்டான்.

"அண்ணாத்தே, எங்க ஊட்டு நாய்க்கும் இதான் எழுதிக் குட்த்துகீறாங்க. கேக்குமா? டீக்கடையில சும்மான்றாங்களே."

"தெரியாது. எங்க நாய்க்கு நான் குடுக்கல."

"பின்ன டப்பால இருந்த மாத்திரல்லாம் எங்க போச்சி?"

"நான் துன்னுட்டேன்."

சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"விடாம குடு. யார்கிட்டயும் வுடாத, உன் கையால குடு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

அக்காவிடம் சொல்ல வேண்டியதை அவனிடம் சொல்லியிருக்கிறேன். குத்தம்பாக்கம் ஒன்றும் தூரம் இல்லை. இரண்டு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான்.

டப்பாவை மூடி அலமாரியில் வைத்தேன்.