கொடியில் கிடந்த காக்கி

எனக்குப் பொன்னாடை போட்ட கதையை எழுத வேண்டுமானால் ஒரு காக்கித் துணியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகிற வழியில் ஒரு ஜங்ஷனில் எங்கள் தேய்ப்புக் கடை. முன்பக்கம் இஸ்திரி மேசை. பின்பக்கம் கிணறு, இரண்டு சிமெண்டுத் தொட்டி, துவைக்கிற கல், ஒரு மிஷின். காலேஜ் பிள்ளைகளின் சட்டை வரும். ஆபீஸ் போகிறவர்களின் வேட்டி வரும். சனிக்கிழமை ஆனால் சர்ச்சுக்குப் போகிறவர்களின் சேலை வரும். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. துணி எனக்குத் தெரியும். வேறு அதிகம் தெரியாது.

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வீடு வீடாகப் போகிற நர்ஸ் ஒருத்தி என்னிடம் கோட்டு தேய்க்கக் கொடுப்பாள். அவள்தான் ஒரு நாள் கேட்டாள். ஒரு வீட்டில் விரிப்பு துவைக்க ஆள் இல்லை, செய்வீர்களா என்று. கொண்டுவரச் சொன்னேன். அப்படி நாலு வீடு ஆனது. கூலி வாங்குவதில்லை. வாங்கினால் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கொடுப்பார்கள். ஈரத்தில் கிடந்தால் முதுகில் புண் வரும்.

மூத்திரம் பட்ட துணியை முதலில் சுடுதண்ணீரில் போடக் கூடாது. கறை பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். பிறகு சோப்பு. பிறகு சோடா. பிறகு வெயில். வெயில் போல் ஒரு மருந்து இல்லை.

யார் வீட்டுத் துணி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அரிசிச் சாக்கில் பின்வழியாக வரும். அதே சாக்கில் திரும்பப் போகும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. மூத்திரத் துணியைத் தெருவில் பேசுவார்களா?

நாலில் ஒன்று கண்டக்டர் வீடு. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து பென்ஷன் ஆனவர். வாதம் வந்து இடது பக்கம் போய்விட்டது. வாய் போகவில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அந்தச் சாக்கில் விரிப்போடு நாலைந்து காக்கித் துண்டுகளும் இருக்கும். விரிப்புக்கு அடியில் போடுவது. கட்டித் துணி. நன்றாக ஈரம் குடிக்கும்.

போன மாசி மாதம் கிளப்பின் செக்ரட்டரி வந்தான். எங்கள் ஜங்ஷனில் உள்ள கிளப்தான். ஓணத்துக்குக் கயிறு இழுப்பார்கள், ஆண்டுக்கு ஒருமுறை விழா வைப்பார்கள்.

"அக்கா, கிளப்புக்க வார்ஷிகம் வருது. இந்தத் தடவ ஊருக்குச் சேவை செய்யுதவங்களுக்குப் பொன்னாடை போடப் போறோம். லிஸ்டில அக்காவும் உண்டு."

"நான் என்ன செய்தேன்?"

"சும்மா இரியுங்க. நர்ஸ் எல்லாம் சொல்லியாச்சு."

லிஸ்டில் இன்னும் மூன்று பேர். கூப்பிட்டால் ஓடிப்போய் ரத்தம் கொடுக்கிற ஒரு வாத்தியார். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் கொண்டுபோய் மருந்து கொடுக்கிற மெடிக்கல் கடைக்காரர். இழவு வீட்டுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகை இல்லாமல் தருகிற ஒருவர்.

அவன் ஒரு பேப்பரை நீட்டினான். எந்தெந்த வீடு என்று எழுத வேண்டுமாம்.

"எழுத மாட்டேன்."

"மேடையில வாசிக்கணும்லா அக்கா? சும்மா நாலு வீடுன்னு சொன்னா யாரு நம்புவா?"

"நம்பாண்டாம்."

அவன் சிரித்தான். "செரி, ஒரு போட்டோவாவது தாங்க. வேலை செய்யுத போட்டோ."

இஸ்திரி மேசை பக்கத்தில் எடுக்கச் சொன்னேன். அது எல்லாக் கடையிலும் உள்ளது என்றான். பின்பக்கம் கூட்டிப் போனேன். கொடியில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. பெரிய பூப்போட்டது, மயில் போட்டது, நீலக்கட்டம். எந்த வீட்டில் எந்த விரிப்பு என்று பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக இறக்கி மடித்து உள்ளே வைத்தேன். அவன் வெயிலில் நின்று வாட்சைப் பார்த்தான்.

காக்கித் துண்டுகளை விட்டுவிட்டேன்.

அது பழந்துணி என்றுதான் நினைத்தேன். தினமும் கையில் எடுக்கிற துணி. ஒரு துண்டில் சட்டைப் பாக்கெட்டு அப்படியே இருந்தது. மூடியும் பட்டனுமாக. என் கைக்கு அது தெரிந்திருக்கும். கண் பார்க்கவில்லை.

"கொஞ்சம் சிரியுங்க அக்கா."

சிரித்தேன். பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோஷம்தான். அன்று சாயங்காலம் என் சேலை ஒன்றைத் தேய்த்து மடித்து வைத்தேன். ஊர்த் துணி எல்லாம் தேய்ப்பேன். எனக்கென்று தேய்ப்பது எப்போதாவதுதான்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் கட்டினார்கள். மேலே பெரிய ஆட்கள். கீழே நாங்கள் நாலு பேர். பால் வாங்கப் போன இடத்தில் பார்த்தேன். மலையாளத்தில் என் பெயரும், கிடப்பு நோயாளிகளின் அழுக்குத் துணியைக் காசு வாங்காமல் துவைக்கிறவர் என்றும் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றேன். பின்னால் டீக்கடையில் இரண்டு பேர் பேசினார்கள்.

"எலே, அது யூனிபாம்லா? பாக்கெட்டப் பாரு."

"நம்ம கண்டக்டருக்கதாக்கும். வேற எவன் காக்கி விரிச்சுக் கெடப்பான்?"

"பின்ன இப்பம் பெல்லு அடிக்காமலே வண்டி போகுது."

டீக்கடை முழுக்கச் சிரித்தது. நான் பிளக்ஸைப் பார்த்தேன். என் காதுக்குப் பக்கத்தில் அந்தப் பாக்கெட்டு. வெயிலில் பட்டன் கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

மறுநாள் கண்டக்டர் வீட்டுச் சாக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போனேன்.

அக்கா பின்வாசலில் நின்றாள். கை இரண்டும் பிளீச்சிங் பவுடரில் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவளுக்குத் துவைத்துப் பழக்கம் இல்லை.

"சாக்கு வரல்லியே அக்கா."

"இனி வராது பிள்ளே."

பிறகு சொன்னாள். கண்டக்டரோடு வேலை பார்த்த பழைய டிரைவர் ஒருவர் பார்க்க வந்திருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் இறங்கி பிளக்ஸைப் பார்த்துவிட்டு வந்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓய், நம்ம பென்ஷன் ஆயாச்சு, உம்ம யூனிபாம் இப்பவும் டூட்டியிலதான் கெடக்கு" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்.

கண்டக்டருக்கு அதுவரை தெரியாது.

"தெரியாதா?"

"எப்பிடிச் சொல்லுவேன்? யூனிபாம் பெட்டியில மடிச்சு வச்சிருக்குன்னுதான் சொல்லியிருந்தேன். கடையில வாங்குத துணி ஒண்ணும் தாங்கல்ல. இது நல்ல துணி. ஒரு நாளு அவரு உறங்கும்போ எடுத்து வெட்டினேன்." அவள் சத்தத்தைக் குறைத்தாள். "இப்பம் எங்கிட்ட பேச்சு இல்ல. அது போகட்டு. வெள்ளம் குடிக்க மாட்டேங்காரு. நனைஞ்சாத்தானே துணி வேணும், இனி நனைக்க மாட்டேன்னு சொல்லுதாரு. காலத்த எழும்பினா ரெண்டு மடக்கு. அதோட செரி."

நர்ஸும் வந்து பார்த்திருக்கிறாள். இந்தச் சூட்டில் இப்படியே போனால் காய்ச்சல் வரும், மூத்திரத்தில் கிருமி வரும், பிறகு ஆஸ்பத்திரிதான், திரும்பி வருவார் என்று சொல்ல முடியாது என்றாளாம்.

நேராகச் செக்ரட்டரியிடம் போனேன்.

"அந்தப் பிளக்ஸ எறக்கு மக்கா."

"மேல உள்ளவங்க படம் எல்லாம் உண்டு அக்கா. இப்பம் எறக்கினா அவங்ககிட்ட என்ன சொல்ல?"

"எனக்க படத்த மட்டும் வெட்டி எடு."

"நடுவுல ஓட்டை வச்ச பிளக்ஸா? கொள்ளாம்."

"ஒரு ஆளு தண்ணி குடிக்காமக் கெடக்காரு."

"அதுக்கு பிளக்ஸு என்ன செய்யும்?"

சொல்ல வேண்டுமென்றால் யார் என்று சொல்ல வேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகும் அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. அவனுக்கும் தெரியும். தெரியாததுபோல் நின்றான். கடைசியில், ஏதாவது செய்யலாம், அக்கா போங்க என்றான்.

செய்தான். மறுநாள் காலையில் பார்த்தால் காக்கிக்கு மேல் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தது. அதில் வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது. அதுவரை பிளக்ஸைப் பார்க்காதவர்களும் பார்த்தார்கள். அங்கே மட்டும் எதற்குப் பட்டை என்று கேட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

விழா அன்று ஞாயிறு. மத்தியானம் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை முன்வாசல் வழியாக. அவர் சன்னல் பக்கம் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் இரண்டு கிளாஸ் தண்ணீர். இரண்டும் நிறைந்திருந்தன. ஒன்றில் எறும்பு கிடந்தது.

"வா. பொன்னாடை கிட்டிச்சா?"

"இன்னிக்குச் சாயங்காலம்."

"எனக்க சட்டையையும் கூட்டிட்டுப் போ. அதுவும் சேவை செய்ததுதானே?"

"எனக்க தப்பாக்கும். அதையும் எடுத்து மாத்தியிருக்கணும்."

"அந்தச் சட்டையோட நான் நின்னா ஒருத்தன் படியில தொங்க மாட்டான், கேட்டியா? தொங்க மாட்டான்."

அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

"வெள்ளம் குடியுங்க" என்றேன்.

"குடிச்சா ஒழுகும். ஒழுகினா சிரிப்பானுவ."

நான் போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

"உனக்க மாப்பிள்ளையும் காக்கிதானே போடுதான்?"

"ஆட்டோக்காரருல்லா. ஆமா."

"அப்பம் மேடையில சொல்லு. அது உனக்க மாப்பிள்ளைக்க பழைய சட்டைன்னு சொல்லு. கிளப்புக்க மைக்கு இஞ்ச கேக்கும்."

"சொன்னாக் குடிப்பீங்களா?"

"சொல்லு. பாப்போம்."

ஆட்டோவில் விழாவுக்குப் போகும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் கூட என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு நாளைக்கும் ஸ்டாண்டில போய் நிக்கணும்லா" என்றார்.

சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

நாலு மணி என்றார்கள். பெரிய ஆட்கள் வந்தபோது ஆறு. எங்கள் நாலு பேரையும் மேடையில் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். முன்னால் இருந்தவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று சட்டை வேறு கடையில் தேய்த்தது. ஒன்று என் கடையில் தேய்த்தது. ஒவ்வொருவராக சேவையின் பெருமையைப் பேசினார்கள். செக்ரட்டரி பக்கத்தில் வந்தபோது கையைப் பிடித்தேன்.

"எனக்கு ரெண்டு சொல்லு பேசணும்."

"நேரம் இல்ல அக்கா. அவங்களுக்கு வேற ஒரு எடத்தில பரிபாடி உண்டு."

ஒருத்தருக்கு அரை நிமிடம். பெயரைக் கூப்பிடு, பொன்னாடை போடு, கையில் பரிசைக் கொடு, போட்டோ, அடுத்த ஆள். என் தோளில் போட்டது நைலான். இஸ்திரி பட்டால் உருகுகிற ரகம். போட்டோவுக்காக எல்லாரும் நகர்ந்தபோது மைக் தனியாக நின்றது. போய்ப் பிடித்தேன். அது கீச்சென்று கத்தியது.

"பிளக்ஸில எனக்குப் பின்னால கெடக்குத காக்கி, எனக்க மாப்பிள்ளைக்க பழைய ஆட்டோ சட்டையாக்கும். வேற ஒருத்தருக்க துணியும் அதில இல்ல."

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பின்னால் இருந்து ஒருவன், "அப்பம் அண்ணனும் கெடப்பில ஆயாச்சா?" என்று கத்தினான். மைதானம் சிரித்தது. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் ஓரத்தில் ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்தார். குனிந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பொன்னாடையோடு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

வழியில் செக்ரட்டரி பைக்கை நிறுத்தினான். "முன்னமே சொல்லியிருந்தா அண்ணனையும் மேடையில ஏத்தியிருக்கலாமே அக்கா." அவன் விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

நான் சொன்னதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் மைக்கில் சொன்ன ஒன்றை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. கேலி செய்ய வேறு ஆள் கிடைத்துவிட்டது. அதுதான் நடந்தது.

செவ்வாய்க்கிழமை சாக்கு வந்தது. காக்கி இல்லை. பழைய வேட்டியை நாலாக மடித்துத் தைத்திருந்தாள். அக்காவே கொண்டுவந்தாள்.

"கேட்டாரா?"

"கேட்டாரு. அவளுக்குப் பொய்யி சொல்லவும் தெரியல்ல, மைக்கு பிடிக்கவும் தெரியல்லன்னு சொன்னாரு. சொல்லிட்டு ஒரு கிளாஸ் குடிச்சாரு. காலத்த கஞ்சிவெள்ளமும் குடிச்சாரு."

"உங்ககிட்ட பேசினாரா?"

"அது இல்ல" என்றாள்.

அவர் இப்போது தண்ணீர் குடிக்கிறார். சாக்கு தினமும் நனைந்து வருகிறது. அதைத் தூக்கும்போது கனத்தைப் பார்ப்பேன். கனமாக இருந்தால் சரி.

என் வீட்டுக்காரரை ஸ்டாண்டில் சும்மா விடவில்லை. "அண்ணே, சீட்டு நனையாமப் பாத்துக்க." "அண்ணே, பெல்லு வச்சாச்சா?" கண்டக்டருக்குச் சொன்ன அதே வார்த்தை. ஒரு வாரம் பார்த்தார். பிறகு வண்டியைக் கொல்லயில் என்கிற பக்கத்து ஊர் ஸ்டாண்டில் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தார். அங்கே இவர் வெளியாள். வரிசையில் எப்போதும் கடைசி.

ஒரு நாள் சோறு போடும்போது கேட்டேன்.

"எனக்க மேல கோபமா?"

"அவரு குடிக்காரா?"

"குடிக்காரு."

"பின்ன என்ன" என்றார். சாப்பிட்டுக் கை கழுவினார்.

மழை வந்தது, ஓணம் போனது. ஜங்ஷன் ஸ்டாண்ட் எங்கள் கடைக்கு எதிரில்தான். அவர் இன்னும் கொல்லயிலுக்குத்தான் போகிறார்.