இரத்தக் கசிவைப் போதை என்றேன்

நோயாளி ஒருவரைக் குடிகாரன் என்று விரட்டியவன் நான். இலங்கை மலையகத்தில், ஸ்பிரிங்வெளிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுப்பவனாக இருந்தேன்.

ரதி-மதன் கதையை ஆடிப் பாடும் காமன் கூத்து நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை. பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, கூத்தில் பாடுகிற ஒருவர் தள்ளாடினார். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. வலது கையிலிருந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி நழுவியது. கிட்டே போனேன், சாராய வாடை.

"ஊத்தினது இன்னும் எறங்கலையா? நடந்து போய்ப் படு!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேட்டில் தடுமாறி ஏறினார்.

மத்தியானம் அவர் மனைவி ஓடிவந்தார். "மண்ட பொளக்குதுன்னு அழுதாருங்க. நான்தான் நெத்தியில சாராயம் தேச்சேன். கையில காப்பு கட்டியிருக்காரு, குடிப்பாருங்களா? இப்ப வாந்தி எடுக்குறாரு, எந்திரிக்க முடியல."

தலைவலிக்குச் சாராயம் தேய்ப்பது தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்திலும் வழக்கம். விரதக் காப்பையும் நான் பார்த்திருந்தேன். மூக்கை மட்டும் நம்பிவிட்டேன்.

மாட்டு வண்டியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்து மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது, அசையாமல் படுக்க வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். உயிர் தப்பியது, வலது கையும் பேச்சும் போயின.

குடித்துக் கெட்டவனுக்கு லயத்தில் காம்பரா எதற்கு என்று, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை அவரையும் மனைவியையும் வீட்டைவிட்டு வெளியேற்றப் பார்த்தார். மறுநாள் பெரட்டில், துரையின் முன்னால், "அவர் குடிக்கவில்லை. நான்தான் தவறாகச் சொன்னேன்" என்றேன்.

"அப்ப ஐயா மூக்குக்குத்தான் மருந்து போடணும்!" என்றாள் ஒரு கொழுந்துக்காரி. அதை நான் இங்கிலீஷில் சொன்னதும் துரையும் சிரித்துவிட்டார். காம்பரா தப்பியது.

அதன்பின் தினமும் சாயங்காலம் போய் அவர் விரல்களை மடக்கி நீட்டிவிட்டேன். பேய் பிடித்ததென்று பயந்த பக்கத்து வீடுகளுக்கு, இது நோய்தான், மெதுவாகப் பேசிப் பதிலுக்குக் காத்திருங்கள் என்று சொன்னேன். 'தண்ணி' என்ற ஒரு சொல்லுக்கே திணறியவர், மனைவி முணுமுணுத்த கூத்துப் பாட்டைக் கேட்டதும் ஒரு வரி பிசகாமல் பாடி முடித்தார். பேச்சுப் போனாலும் பாட்டுப் போகவில்லை.

துரையிடம் கேட்டு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவரைச் சேர்த்தேன். இடது கையால் தொட்டில்களை ஆட்டிப் பாடினார். பாட்டில் ரதியும் மதனும் சண்டை போட, குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கின.

ஒருநாள் எனக்குத் தேநீர் நீட்டிய அவர் மனைவியிடம், "என்னை மன்னிச்சிட்டாராம்மா?" என்று கேட்டேன்.

"அவரு எப்பவோ மன்னிச்சிட்டாருங்க. நான்தான் இன்னும் மன்னிக்கல. சாயத்தண்ணி ஆறுது, குடிங்க."