பன்னிரண்டாவது கணு

போன வாரம் எங்கள் தெருக்கோடியில் ஒரு சாவு. எண்பதைத் தாண்டிய மனிதர், பேரன் பேத்தி எடுத்தவர், கல்யாணச் சாவு என்று தெருவே சொல்லிக்கொண்டது. பூப்பல்லக்குக்கு முன்னால் பெரிய பெரிய வெடிகளாக வைத்துக் கொளுத்திக்கொண்டே போனார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பின்னால் வந்து என் வலது கையைத் தட்டிவிட்டாள். "போதும் விடுங்க. எண்ணி இப்ப யாருக்குச் சொல்லப்போறீங்க?" குனிந்து பார்த்தால் என் கட்டை விரல் மோதிர விரலின் நடுக் கணுவில் நிற்கிறது. எட்டு வெடி போயிருக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம் ஏதாவது இருக்கும். எனக்கு இது. நாலு விரலுக்கும் மூன்று மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. ஆள்காட்டி விரலின் அடியில் தொடங்கிச் சுண்டு விரலின் நுனியில் முடியும். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மறந்துபோகிறது, போட்ட மாத்திரையை மறுபடி போட்டுக்கொள்கிறேன், இது மட்டும் மறப்பேனா என்கிறது. தீபாவளியன்று கையை லுங்கி மடிப்புக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ.வில் இரண்டு பேப்பர் நிற்கிறது. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அந்த ஒரே தகுதியில் பென்னாகரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் வண்டித்தடத்தில் ஒரு கல் குவாரியில் ரைட்டர் வேலை கிடைத்தது. நரிக்கரடு என்று ஒரு சின்னப் பாறைக் குன்று, ஏறி இறங்க அரை மணி நேரம் ஆகும். அதை அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாகக் குத்தகைக்கு எடுத்து, இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அண்ணன் என்று உடைத்துக்கொண்டிருந்தார்கள். தம்பிதான் என் முதலாளி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெற்ற தாய் செத்தபோது அண்ணன் மாலை போட்டுவிட்டுப் போகும்வரை தம்பி கார்க் கதவைத் திறக்கவில்லையாம். அந்தப் பகையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குவாரியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெல்ல வாசனை. சிரிக்காதீர்கள். சாயங்காலம் வேலை முடிந்து போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பது வழக்கம். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து மூட்டையாக வரும். ஜாக்கி மெஷினைப் பிடித்துப் பாறையில் குழி போடுகிறவர்களின் புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். இருபத்தைந்து வயதுக்காரன் அறுபது வயதுக்காரன் போல இருமுவான். "வெல்லத்தத் தின்னா தூசெல்லாம் வழிச்சிக்கிட்டு உள்ள போயிடும்டா" என்பார் முதலாளி. உண்மையாகவே அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். முகமூடி, தண்ணீர் தெளித்துக் குழி போடுவது எல்லாம் சட்டத்தில் இருந்தது. எங்கள் குவாரியில் இருந்தது வெல்லம்.

ஹெல்மெட்டும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நாலு மஞ்சள் ஹெல்மெட். ஆபீஸ் ரூமில் தகரப் பெட்டிக்குள் பூட்டி, சாவி என்னிடம். அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தால் வெளியே வரும், அவர் ஜீப் சாலை ஏறியதும் உள்ளே போகும். ஒரு தடவை அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு பாறை மேல் காலை வைத்துப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். மகன் இஞ்சினியர் ஆகிவிட்டான் என்று எங்கள் அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். குழி போடுகிறவன் தலையில் துண்டு, கணக்குப்பிள்ளை தலையில் ஹெல்மெட். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு பலகையும் சாத்தியிருந்தது. முழுக்க இங்கிலீஷ். ஒரு குழி வெடிக்காமல் நின்றால் அரை மணி நேரத்துக்கு யாரும் கிட்டே போகக்கூடாது என்று அதில் ஒரு வரி. அதைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். தமிழில் எழுதி மாட்டட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். "எழுதி வெச்சா உக்காந்துக்குவானுங்க. ஒரு பீடி நேரம் பாத்தா போதாதா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

வெடி வைக்கிறவர் பெயர் சவரிமுத்து. நாற்பது வயதிருக்கும். மானாவாரி நிலம் இரண்டு ஏக்கர், அதில் ஒன்றும் தேறாமல் குவாரிக்கு வந்த வேதக்காரக் குடும்பம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஆட்களையெல்லாம் தூரத்துப் புளியமரத்துக்கு அனுப்பிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, பன்னிரண்டு திரிகளையும் வரிசையாகக் கொளுத்திவிட்டு ஓடி வருவார். நானும் அவரும் ஒரு தனிப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வோம். வெடி முடிந்ததும் புகையில் ஒரு தித்திப்பு வாடை வரும். முதல் வாரம் தலை பிளந்து வாந்தி எடுத்தேன். "பழகிக்கும் தம்பி. எனக்கு இப்ப வாசனையே தெரியறதில்ல" என்றார்.

வாசனை மட்டுமில்லை. நான் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, பாறைக்குப் பின்னால் வைத்து என்னிடம் சொன்னார். "ரைட்டர் தம்பி, வூட்ல எம்பொஞ்சாதி ஆரோக்கியத்துக்குத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்குக் காது செத்துப்போச்சு. பக்கத்துல கத்துனா கேக்குது. வெடி எத்தன போச்சுன்னு எண்ண முடியல. மொதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கே தொரத்திடுவாரு." பதினைந்து வருடம் பஞ்சுகூட இல்லாமல் வெடிக்குப் பக்கத்தில் நின்ற காது. வெடி கொடுத்த செவிட்டை வெடி வைக்கிறவரே திருட்டுச் சாமான் போல ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து எண்ணுவது என் வேலை. கட்டை விரல் சுண்டு விரல் நுனிக்கு வந்ததும் கையைத் தூக்குவேன். அவர் கண் என் கையில்தான் இருக்கும். தூக்கியதும் ஒரு பீடி பற்றவைத்து, அது தீர்ந்ததும் உள்ளே போய்ப் பார்ப்பார். அவர் வந்து "சரி" என்றால்தான் மற்றவர்கள் போகலாம். "என் காது உங்க கையில இருக்குது" என்று சிரிப்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் குவாரியில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கரட்டின் அந்தப் பக்கத்திலும் ஒரு மணிக்குத்தான் சாப்பாடு, அங்கேயும் அந்த நேரத்தில்தான் வெடி. நாங்கள் முடித்து அவர்கள் தொடங்கலாம், அவர்கள் முடித்து நாங்கள் தொடங்கலாம், சில நாள் இரண்டும் கலந்துவிடும். அந்தப் பக்கத்துச் சத்தம் கொஞ்சம் மங்கலாக, பாறைக்குள்ளிருந்து வருவது போல வரும். பழகினால் பிரித்துவிடலாம். ஆனாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சவரி அண்ணனும் நானும் போய் முதலாளியிடம் சொன்னோம். அரை மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டால் போதும், அண்ணன்காரர் பக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும் என்றோம். முதலாளி முகம் கறுத்துவிட்டது. "அவனுக்கு நான் ஆளனுப்பணுமா? வேணும்னா அவன் மாத்திக்கட்டும். எங் கரட்டுல எந்த நேரத்துக்கு வெடி வெக்கணும்னு எனக்குத் தெரியும்." வெளியே வந்ததும் சவரி அண்ணன், "என்னா சொன்னாரு தம்பி?" என்று கேட்டார். அவ்வளவு கத்தியும் அவருக்கு முழுதாகக் கேட்கவில்லை.

அது ஒரு சித்திரை மாதம். முந்தின நாள் கோடை மழை அடித்துத் தள்ளியிருந்தது. வெடிமருந்துக் கொட்டகையின் ஓட்டில் ஓட்டை இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நமுத்த திரியில் நெருப்பு எங்கேயாவது நின்று, உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து, தனக்குத் தோன்றிய நேரத்துக்கு எழுந்திருக்கும். காலையிலேயே லாரி வந்து நின்றுவிட்டது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான். முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினொன்று வரை சரியாக எண்ணினேன். சுண்டு விரலின் நடுக் கணு. அப்புறம் சத்தமே இல்லை. சவரி அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெடி. மங்கலாக இருந்தது. மங்கலாக இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். ஈரத்தில் அப்படிக் கேட்கலாம், ஆழக் குழியாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹாரன் வேறு. கட்டை விரல் நுனிக்குப் போனது. கையைத் தூக்கினேன்.

அவர் பீடி பற்றவைத்தார். பாதியில் முதலாளி ரூமிலிருந்து கையை வீசி அவசரப்படுத்தினார். மீதியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போனார். அவர் பாறையைச் சுற்றி மறைந்து நான் பேனாவை எடுத்திருப்பேன், அவ்வளவுதான் நேரம். இந்த வெடி மங்கலாக இல்லை.

புளியமரத்தடியிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். கோணிச் சாக்கில் வைத்து அவரைத் தூக்கிவந்து, ஜல்லி ஏற்ற வந்த அதே லாரியில் ஏற்றினார்கள். அதற்கு மேல் அந்த இடத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் முதலாளி என்னை ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பயத்தில் நான் எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். எண்ணியது, மங்கலாகக் கேட்டது, அவருக்குக் காது கேட்காது என்பது வரைக்கும். யாருக்கும் தெரியாது என்று சவரி அண்ணன் என்னை நம்பிச் சொன்ன ஒன்றே ஒன்றையும் அங்கே போட்டு உடைத்தேன். முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். "செவுடன்னு மறைச்சிட்டு வேல செஞ்சிருக்கான், பாத்தியா. அப்புறம் நான் என்ன பண்றது? நீ ரூம்ல இருந்த. நீ எதையும் எண்ணல. அவனா உள்ள போனான். இல்ல, நாந்தான் கை தூக்குனேன்னு சொல்லுவியா? சொல்லு. போலீசு என்னக் கேக்காது, உன்னத்தான் கூட்டிட்டுப் போகும்."

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நாலு பேர் தலையில் ஹெல்மெட் ஏறியது. பலகை சுவருக்கு வந்தது. தூசியைத் துடைத்தவன் நான்தான். படித்தவன் என்று என்னிடம் மட்டும்தான் கேட்டார், புளியமரத்தடியில் இருந்தவர்களை ஒன்றும் கேட்கவில்லை. அறிக்கையை எழுதியதும் நான்தான். செவிட்டுத்தன்மையை மறைத்து வேலை பார்த்தவர், எச்சரிக்கையை மீறி, தன் சொந்த அஜாக்கிரதையால். என்ன அழகான கையெழுத்து என்று அதிகாரி பாராட்டினார். அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஆரோக்கியம் அக்கா வந்தார். நஷ்ட ஈடு என்று பேசத்தான் வருகிறார் என நினைத்து முதலாளி பின்பக்கமாகப் போய்விட்டார். அவர் முதலாளியைத் தேடவே இல்லை. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, ஊர்ல எல்லாரும் ஒண்ணொண்ணு சொல்றாங்க. அவரு யார் பேச்சயும் கேக்காம தானா போய் விழுந்தாருன்னு. சாவுறதுக்குன்னே போனாருன்னுகூட பேசறாங்க. ரைட்டர் கை தூக்காம ஒரு அடி வெக்கமாட்டேன்னு வூட்ல தெனம் சொல்லுவாரு. புள்ளைங்க கேக்குதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நீங்க கை தூக்குனீங்களா, இல்லையா?"

நெஞ்சறிய ஒரு பொய்யை ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "நான் ரூமுக்குள்ள இருந்தேங்க்கா" என்றேன். அவர் அழவில்லை, ஏசவில்லை. மேஜை மேல் இருந்த என் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருடமே வேலையை விட்டேன். வேறு ஊர், வேறு வேலை, கல்யாணம், பிள்ளைகள். ஐந்தாறு வருடம் முன்னால் ஒகேனக்கல் போய்த் திரும்பும்போது காரை அந்தத் தடத்தில் திருப்பச் சொன்னேன். நரிக்கரட்டைக் காணவில்லை. இரண்டு பக்கமும் உடைத்து உடைத்து ஒன்றாகி, இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கும் ஒரே பள்ளம். அண்ணன் குழி எது, தம்பி குழி எது என்று சொல்ல முடியாது. புளியமரம் இல்லை, நாங்கள் ஒளிந்த பாறையும் ஜல்லியாகிப் போயிருக்கும். ஆரோக்கியம் அக்காவின் ஊருக்குள் போய் விசாரித்தேன். அந்த வூட்டுக்காரங்க எப்பவோ பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிட்டாங்க, அந்தம்மாவும் அங்கியே தவறிட்டாங்க, புள்ளைங்க எங்கன்னு தெரியாது என்றார்கள்.

எண்ணி யாருக்குச் சொல்லப்போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள் இல்லையா, அவளுக்கும் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஆமாம் அக்கா, தூக்கினேன். அவர் என் கையைப் பார்த்துத்தான் போனார்.