சித்தப்பா தாலி கட்டிய வாழை

அருப்புக்கோட்டையில், திருச்சுழி சாலையை ஒட்டிய எங்கள் வீட்டுப் புறவாசலில் மரம் வைப்பதற்கு அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஊற்றுகிற தண்ணீரை நம்பி நிற்கும் எந்த மரமும் உள்ளே வரக் கூடாது. அதனால் கிழக்கு மூலையில் வேம்பு, சுவரோரம் முருங்கை, கிணற்றுக்குப் பின்னால் சீத்தா, அதற்கு அடுத்து ஒரு கொய்யா என்று தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிற மரங்கள் மட்டுமே நின்றன. மண் கரிசல். மழை பெய்தால் காலில் ஒட்டிக்கொண்டு விடாது. வெயில் ஏறினால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். கிணற்றுத் தண்ணீர் லேசான உப்பு. குழாயில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இந்தச் சட்டத்தை மீறி உள்ளே வந்தது ஒரு வாழை. கொண்டுவந்தவர் சித்தி.

எந்தச் சித்தி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடு அதே வீட்டில் இருந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பஜாரில் மளிகைக் கடை நடத்தினார்கள். சித்தப்பாவின் முதல் மனைவியை எனக்கு நினைவில்லை. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே இறந்துவிட்டாராம். வாழையைக் கொண்டுவந்தவர் இரண்டாவதாக வந்தவர். சோழவந்தான் பக்கம். வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்தவருக்கு வாழை இல்லாத புறவாசல் புறவாசலாகவே படவில்லை. ஆடிக்குப் பிறந்த வீடு போனவர், திரும்பும்போது மஞ்சள் பையில் ஒரு கன்றோடு பஸ்ஸை விட்டு இறங்கினார்.

“குடிக்கிற தண்ணிக்கே குடத்தத் தூக்கிட்டு அலையுறோம். இதுல வாழை வேறயா?” என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

சித்தி கணவரின் அண்ணனிடம் நேராகப் பேச மாட்டார். பதிலுக்கு, துவைக்கிற கல்லிலிருந்தும் குளிக்கிற இடத்திலிருந்தும் தண்ணீர் வழிந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று இரண்டு நாள் பார்த்தார். அந்த இடத்தில் குழி வெட்டி, கரிசல் இறுகாமலிருக்க ஆற்று மணலும் மக்கிய சாணமும் அடுப்புச் சாம்பலும் கலந்து போட்டார். கன்று என் இடுப்பு உயரம்தான் இருந்தது. இலைகள் ஈட்டி போல ஒடுங்கி, அழகில்லாமல் இருந்தன. இதைவிட நல்ல கன்று கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அகல இலை விடுகிற கன்று பார்க்கத்தான் லட்சணம், கிழங்கில் சத்து இருக்காது என்றார். ஒடுங்கின இலைக் கன்றுதான் வெட்டினாலும் துளிர்க்காமல் விடாதாம். அவர் சொன்னதில் எனக்கு இது ஒன்றுதான் அப்படியே நினைவிருக்கிறது.

அடுத்த கோடையில் சித்தி மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். வாழை அப்போது என்னைவிட இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது. இன்னும் குலை தள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்கு இரண்டு வாளி இறைத்து ஊற்றும் வேலையை யாரும் சொல்லாமலேயே நான் எடுத்துக்கொண்டேன். சித்தப்பா கடையிலிருந்து வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். காய்ந்த இலைகளைக் கிள்ளிப் போடுவார்.

ஆவணியில் அவருக்கு மறுபடியும் பெண் பார்த்தார்கள். பார்த்தவர் மல்லாங்கிணற்றில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா என்பதால் எங்கள் வீட்டில் அவர் வைத்ததே முடிவு. பெண்ணின் ஊர் பரளச்சி. எல்லாம் பேசி முடித்த பிறகு ஜோசியர் ஒரு தடை சொன்னார். மூன்றாவது மனைவி நிலைக்க மாட்டாள். ஆகவே அதற்கு முன்பு ஒரு வாழைக்குத் தாலி கட்டி, அதை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். அப்போது வாழை மூன்றாவதாகி, வருகிற பெண் நாலாவதாகிவிடுவாள். வாழை வேரோடு நிற்க வேண்டும். குலை தள்ளியிருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கட்டுகிற வாழைகூட லோடு லாரியில்தான் வர வேண்டும். வேரோடு நிற்கிற வாழைக்கு அப்பா காரியாபட்டி வரை போய், பம்புசெட்டுத் தோட்டம் வைத்திருந்த ஒருவரைக் கேட்டார். வெட்டின மரம் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன், இந்தக் காரியத்தை மட்டும் என் தோட்டத்தில் வைக்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அப்பா வெறுங்கையோடு வந்து உட்கார்ந்ததும் அத்தை புறவாசலைக் காட்டி, “வீட்டுக்குள்ள பொண்ண வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறீகளே” என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் வாழைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சிவப்புத் துணி சுற்றினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் தண்ணீர் ஊற்றிய வாழைக்கு இத்தனை மரியாதை. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மஞ்சள் கயிறு வாழையைச் சுற்றி வரவில்லை.

“பொண்ணு கொஞ்சம் தடிச்சவடா. இன்னொரு கயிறு முடிஞ்சு கட்டு” என்றார் அத்தை. பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

சித்தப்பா ஒரு முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டையும் நாத்தனார் முறைக்கு அத்தை போட்டார். குலவை போட்டார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, சித்தப்பா மட்டும் வாழையில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். அவர் முகம் நனைந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்புறம் அப்பா அரிவாளை எடுத்துவந்தார்.

முழங்கால் உயரத்தில் ஒரே வெட்டு. வாழை கொய்யாமேல் சாய்ந்து சரிந்தது. நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். “உங்க சித்தி தலையில எழுதுனத இது எடுத்துக்கிட்டுப் போகுதுடி” என்று அத்தை என்னைச் சமாதானப்படுத்தினார். எந்தச் சித்தி? எனக்குத் தெரிந்து இருந்தது ஒரே சித்தி. அவர் ஏற்கெனவே போய்விட்டார். அத்தை கயிற்றை அறுத்து, வெட்டின மரத்தோடு ஓடையில் போடச் சொன்னார். பெண்சாதி செத்த தீட்டு என்று சித்தப்பாவைக் குளிக்கச் சொன்னார்கள். வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். அந்தத் தண்ணீரெல்லாம் வழக்கம்போல வழிந்து வாழைக் குழிக்கே போனது.

மறுநாள் காலை, பரளச்சிக்குப் புறப்பட வேன் வந்து நின்றபோது, நான் முகம் கழுவப் புறவாசலுக்குப் போனேன். வெட்டுப்பட்ட அடித்தண்டின் நடுவிலிருந்து சுருட்டிய குருத்து ஒன்று, விரல் நீளத்துக்கு, பச்சையாக வெளியே வந்திருந்தது.

சாகவில்லை என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். பட்டுப்புடவையோடு எல்லாரும் புறவாசலில் கூடினார்கள். யாரும் சந்தோஷப்படவில்லை.

“வெட்டுனா வெட்டுனதுதான். காரியம் முடிஞ்சு போச்சு” என்றார் அப்பா.

“உசுரோட ஒருத்தி நிக்கிறப்ப எப்படிடா முடியும்? அப்ப அந்தப் புள்ள நாலாவதா, மூணாவதா?” என்றார் அத்தை.

அத்தை அரிவாள்மணையை எடுத்துவந்து குருத்தை அறுத்தார். வேன்காரர் ஹாரன் அடித்தார். சாயங்காலம் வந்து கிழங்கோடு தோண்டி எறிந்துவிடலாம் என்று முடிவு செய்து, அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினோம். வேனில் நான் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். ஜோசியர் சொன்னபடி வருகிறவர் நாலாவது. வாழை சாகாததால் மூன்றாவது. ஆனால் வாழைதான் மூன்றாவது. எப்படிப் போட்டாலும் ஒருவர் அதிகமாக வந்தார்.

சாயங்காலம் ஆரத்தி எடுத்துப் புதுச் சித்தியை உள்ளே அழைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கை கால் கழுவ இடம் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. துவைக்கிற கல் பக்கத்தில் கூடையைப் பார்த்தார்.

“என்ன பாப்பா, கோழியா?”

“இல்ல. சித்தப்பா நேத்துத் தாலி கட்டுனவுக.”

அவர் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கினார். காலையில் அறுத்த இடத்திலிருந்து குருத்து மறுபடியும் ஏறியிருந்தது.

“வெட்டியாச்சு, இனி பயமில்லைன்னு எங்க வீட்டுல சொன்னாகளே” என்றார்.

“வெட்டுனாக. சாகல” என்றேன். பிறகு, அவருக்குத் தெரியட்டும் என்று, அதை வைத்தது முந்தின சித்தி என்றும் சொன்னேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, ஈரமான அந்தக் குருத்தை ஒரு விரலால் தொட்டார்.

அதற்குள் அத்தையும் கடப்பாரையோடு அப்பாவும் வந்துவிட்டார்கள். பின்னாலேயே சித்தப்பா.

“நீ உள்ள போ தாயி. இது ஒனக்கு ஆகாது” என்றார் அத்தை.

“இருந்துட்டுப் போகட்டும் மதினி. எனக்கு முந்தி வந்தவுக.”

“பைத்தியமா ஒனக்கு? அது இருந்தா நீ இருக்க மாட்ட. அதத்தான் ஜோசியர் சொன்னாரு.”

புதுச் சித்தி எழுந்துகொள்ளவில்லை. “வந்த அன்னைக்கே ஒருத்தரத் தோண்டி எறிஞ்சுட்டு நான் உள்ள வந்து எப்படி மதினி படுப்பேன்?”

அத்தை தம்பியைப் பார்த்தார். சித்தப்பா அப்பாவின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். காலையில் யாரும் பார்க்கவில்லை.

வாழை வளர்ந்தது. வெட்டுப்பட்டு வந்ததால் குலை சிறிதாகத்தான் தள்ளியது. சித்தி அதற்கு முட்டுக் கொடுத்தார், பக்கக் கன்றுகளில் ஒடுங்கின இலைக் கன்றாகப் பார்த்து ஒன்றை விட்டுவைத்தார். “அக்காளுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?” என்றுதான் என்னிடம் கேட்பார். அவருக்கு லேசாகக் காய்ச்சல் வந்தாலும் அத்தை மல்லாங்கிணற்றிலிருந்து வந்து இறங்கி, அவரைப் பார்ப்பதற்கு முன்னால் புறவாசலுக்குப் போய் வாழையை முறைத்துவிட்டு வருவார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். சித்திக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. போன வாரம்கூட முட்டிவலித் தைலம் கேட்டு எனக்குப் போன் செய்தார். அந்த வாழையின் வழிவந்த கன்று ஒன்று என் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் நிற்கிறது.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த முதல் மாதம்தான். பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் புறவாசலுக்கு ஓடிப்போய் வாழையைப் பார்ப்பேன். புது இலை விரிந்திருந்தால், அடுப்படியில் இருக்கும் சித்தியிடம் மூச்சு வாங்க வந்து சொல்வேன். வீட்டில் வேறு யாருக்கும் அந்தச் செய்தி பிடிக்கவில்லை. அவர் ஒருவருக்குத்தான் பிடிக்கும் என்று நம்பினேன். சித்தி கையிலிருந்த வேலையை நிறுத்துவார். கழுத்துக்குக் கை போகும். மஞ்சள் கயிற்றைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, “நல்லது. தண்ணி ஊத்திட்டுப் போ” என்பார்.

புதுக் கயிறு, கழுத்தில் உறுத்துகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு நான் வாளியை எடுக்க ஓடுவேன்.