சாலமனின் அல்லிக் குட்டை

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சாலமனுக்கு மனிதர்களைப் படம் எடுத்துத்தான் பிழைப்பு. ஆனால் மனிதர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. கல்யாணம், காதுகுத்து, மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை என்று ஒன்று விடாமல் போவான். போய்விட்டு வந்து தலைக்குக் குளிப்பான். மாப்பிள்ளையும் பெண்ணும் கலர் புகையைக் கொளுத்திக்கொண்டு கையைக் கோத்தபடி ஓடிவர, எதிரே இவன் பின்பக்கமாக ஓடிக்கொண்டே படம் பிடிக்க வேண்டும். அப்புறம் அந்த முகங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு இட்லி மாவு நிறத்துக்கு வெளுக்க வேண்டும். பெண்ணின் சொந்தத் தாய்மாமனே அடையாளம் தெரியாமல் முழித்தால்தான் ஆல்பம் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். போதாததற்குப் பின்னால் ஒரு தாமரைக் குளம் வேண்டும் என்பார்கள். எங்கிருந்தோ இறக்கிய ரோஸ் நிறக் குளம் ஒன்றை எடுத்து ஒட்டுவான். ஒட்டி முடித்ததும் போய்க் கையைக் கழுவுவான்.

அவன் மனைவி ஜெயராணி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கச் சிரித்த முகமாகப் புடவை பிரித்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், இவனுடைய சுளித்த மூக்கைப் பார்க்க வேண்டும். குழம்பில் புளி அதிகம், தெருவில் நாற்றம், டிவியில் இரைச்சல். இந்த மனுஷனுக்குப் பிடித்தது என்று உலகத்தில் ஏதாவது உண்டா என்று அவள் அக்கம்பக்கத்தில் அலுத்துக்கொள்வாள்.

உண்டு. அதை அவன் அவளிடம்கூடச் சொன்னதில்லை. அவலூர்பேட்டை சாலையில் அவன் பிறந்த சிற்றூரில், மாதா கோயிலைத் தாண்டினால் ஒரு குட்டை. ஐப்பசியில் இரண்டு மழை பெய்ததும் அதில் வெள்ளை அல்லி பூக்கும். இருட்டில் விரிகிற பூ, வெயில் ஏறினால் கூம்பிவிடும். ஓரமெல்லாம் கோரை, நடுவில் கொட்டிச் செடி. இலைகள் விட்ட இடைவெளியில் கொஞ்சம் தண்ணீர் தெரியும். ராஜகிரி மலை கோட்டையோடு தலைகீழாக வந்து அதில் படுத்திருக்கும். சாலமன் உரச்சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, மூச்சை அடக்கிக் காத்திருப்பான். சட்டையெல்லாம் சேறு, காதில் கொசு, முழங்கையில் அட்டை. சாதத்தில் ஒரு முடி கிடந்தால் தட்டையே தள்ளிவிடுகிற ஆள், அங்கே அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான்.

ஆனால் நிம்மதியாக ஒரு படம் எடுக்க விட்டார்களா? ஊர் ஆண்கள் குடிக்க ஒதுங்கும் இடமும் அந்தக் கரைதான். இலைக்கு நடுவே குவார்ட்டர் பாட்டில் மிதக்கும். ராஜகிரியின் உச்சியில் சரியாக ஒரு தண்ணீர் பாக்கெட் வந்து உட்காரும். கோழிக்கடைக்காரன் கொட்டிய குடலும் இறகும் கோரையில் சிக்கி நாறும். கழியால் தள்ளிவிட்டால் காற்றில் திரும்பி வரும். கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம், அவனுக்கு அது கைவந்த வேலைதான். ஆனால் இந்தக் குட்டைக்கும் மாவு பூசுவதா என்று பிடிவாதமாக இருந்தான்.

இந்த வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. புதுச்சேரியில் புகைப்படக் கண்காட்சி நடத்துகிறவர்கள் அவன் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு சுவர் முழுக்க அவனுக்கே தருவதாகச் சொன்னார்கள். இலையும் தண்டும் தும்பியும் போதுமான அளவு இருக்கின்றன, நடுவில் மாட்டக் குட்டையும் மலையும் சேர்ந்த பெரிய படம் ஒன்று வேண்டும், கார்த்திகை பிறப்பதற்குள் கொடுங்கள் என்றார்கள். குப்பை இல்லாமல் அந்த ஒரு படம்தான் அவனிடம் இல்லை. கல்யாண போட்டோக்காரன் என்பதைத் தவிர வேறு பெயரே வாங்காத சாலமனுக்கு அந்தச் சுவர் பெரிய விஷயம்.

அதனால்தான் காந்தி ஜெயந்தி அன்று ஊர்க் கிராம சபைக்குப் போனான். அவனுக்கு ஓட்டு இன்னும் அங்கேதான். மைக்கைப் பிடித்தவன் லேசில் விடவில்லை. குட்டையா அது, சாக்கடை என்றான். குடிக்கிறவனுக்குத்தான் புத்தி இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு எங்கே போயிற்று என்றான். பன்றிகூடத் தான் படுக்கிற இடத்தை இப்படி வைத்துக்கொள்ளாது, இந்த ஊரில் பிறந்தேன் என்று வெளியே சொல்லக் கூசுகிறது என்றான். பேசி முடித்துப் பக்கத்தில் திரும்பிக் காறித் துப்பியும் விட்டான். ஆண்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி நடுவில் பெரிய கேமராவோடு வருவேன், அதற்குள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைத் தொடாமல் வண்டியைக் கிளப்பினான்.

மழை பெய்து ஓய்ந்து வானம் தெளிந்த ஒரு காலையில் சாக்கும் கேமராவுமாகப் போய் இறங்கினான்.

குட்டையில் ஒன்றுமே இல்லை. ஒரு இலை இல்லை, ஒரு கோரைத் தாள் இல்லை. கரையைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடரை வெள்ளைக் கோடாகத் தூவியிருந்தார்கள். மொட்டைத் தண்ணீரில் ராஜகிரி முழுசாக விழுந்திருந்தது. பாட்டில்கள் மட்டும் அப்படியே கிடந்தன, முன்பு இலைகள் மறைத்திருந்தவையும் சேர்த்து. மேட்டில் அல்லியும் கொட்டியும் ஆள் உயரத்துக்குக் குவிந்து, அழுகி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தன. அந்த நாற்றம் நேராக அவன் தொண்டையில் இறங்கியது.

நூறு நாள் வேலைப் பெண்கள் கோயிலுக்குப் போகிற புடவையில் கரையோரம் நின்றிருந்தார்கள். தினமும் வருகைப் பதிவுக்காக அவர்களை வரிசையாக நிறுத்திப் போனில் படம் எடுத்து அனுப்புகிற எலிசபெத் முன்னால் வந்தாள். அவளுடைய மகளின் புதுநன்மைக்குப் படம் எடுத்தது இவன்தான்.

"பாத்தியா தம்பி, ஒரு செத்தகூட இல்ல. இப்ப எடு," என்றாள்.

"பாட்டில் எல்லாம் அப்படியே கெடக்குதேக்கா."

"அது எங்கூட்டு ஆம்பளைங்க போடுறது. எடுக்க எடுக்க போடுவானுங்க. புல்லு பூண்டாச்சும் நம்ம பேச்சு கேக்குது."

அன்று அவன் துப்பிவிட்டுப் போன பிறகு தங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்றாள். குட்டையைச் சுத்தம் பண்ணுவது என்றால் இந்த ஊரில் என்றைக்கும் பூண்டு பிடுங்குவதுதான். கூலிக் கணக்கில் வராது என்று தெரிந்தே, மார்பளவு தண்ணீரில் இறங்கி, வேரோடு பிடுங்கி மேட்டுக்கு இழுத்திருக்கிறார்கள். அவள் கெண்டைக்காலில் அட்டை கடித்த தழும்புகள் வரிசையாக இருந்தன. தெரிந்த வசவு அத்தனையும் சாலமனின் வாய்வரைக்கும் வந்தது. எரிச்சலில் கேமராப் பையை டப்பென்று மூடினான்.

"எனக்கு அந்தச் செடிதான்கா வேணும். அந்தப் பூவத்தான் வருசா வருசம் வந்து எடுக்கறேன்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எலிசபெத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அத நீ எங்க சொன்ன?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. "அன்னைக்கு அவ்ளோ நேரம் பேசினியே. நாத்தம்ன, சாக்கடன்ன, பன்னின்ன. பூ நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அதுல கை வெச்சிருப்பமா?"

கூட்டத்திலிருந்து ஒருத்தி மேட்டில் ஏறி, புடவை அழுக்காவதைப் பார்க்காமல், அழுகலுக்குள் முழங்கைவரை கையை விட்டுத் தேடினாள். கொழகொழத்த தண்டு ஒன்றை உருவினாள். நுனியில் பாதி கறுத்த பூ ஒன்று தொங்கியது. அதைத் தூக்கிப் பிடித்து, "இதுவா?" என்று கேட்டாள்.

ஆமென்று சாலமன் தலையை ஆட்டினான். அன்று துப்பிய தன் வாயை நினைக்க நினைக்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது.