அம்மா உட்கார்ந்த நோட்டு

என் படக்கதைகளைச் சொந்தமாக அச்சிட்டு விற்கலாம் என்று, பழைய படங்களைத் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலேயே அந்த நோட்டு. மக்கிய தாளும் மசியும் கலந்த வாசனை.

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருஷம். எனக்குப் பத்து வயது. கபாலி கோயில் குளத்தருகே கூட்டத்தை அடித்து விரட்டிய வெள்ளைக்காரச் சார்ஜெண்டை, பானை வயிறும் பூட்ஸுமாக, கட்டம் கட்டமாக வரைந்திருந்தேன். ஒரு மத்தியானம் அதே பூட்ஸ் சத்தம் எங்கள் மாடவீதியில் வீடு வீடாக ஏறி இறங்கியது. துண்டுப் பிரசுரம் தேடுகிறார்களாம். அப்பாவுக்கோ சர்க்கார் உத்தியோகம்.

"இங்கே குடுடி அதை!" என்று நோட்டைப் பிடுங்கிய அம்மா, வீட்டுக்கு விலக்கான நாட்களில் ஒதுங்கும் கொல்லை அறைக்கு ஓடி, நோட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அன்று அவளுக்கு விலக்கே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்த சார்ஜெண்ட் அந்த அறையை நோக்கி நடந்தான்.

"நான் தூரம்! கிட்ட வரப்படாது!" என்று அம்மா கத்தினாள்.

கூட வந்த கான்ஸ்டேபிள் சட்டென்று பின்வாங்கினார். "அந்தாண்ட போவக் கூடாது, தொரை."

பூட்ஸ் திரும்பியது.

பக்கத்து வீடுகளுக்கும் அந்தக் குரல் கேட்டிருந்ததால், அம்மா மூன்று நாளும் அங்கேயே இருக்கவேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் நோட்டைப் புரட்டியபடி என்னை மெல்லக் கேட்டாள்: "குளத்தங்கரை வரைக்கும் துரத்திண்டு வரானே, அப்புறம் என்னடி ஆறது அவனுக்கு?"

பயத்தில் நான் உள்ளே ஓடிவிட்டேன். அம்மா போய்ப் பல வருஷமாயிற்று. கடைசிக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

பேனாவை எடுத்தேன். தெருவில் யாரோ பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நோட்டை மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.